பந்தியில் 'போதும்' சொல்வது யார்? கஞ்சாவும் செயற்கைக் கஞ்சாவும் மூளையில் செய்யும் வேலை

திருப்பாதிரிப்புலியூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். போன வருஷம் மழை பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், தேவனாம்பட்டினத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். மகனுக்கு மூன்று நாளாக வாந்தி, மாத்திரை வேண்டும் என்றார். என்ன சாப்பிட்டான், காய்ச்சல் இருக்கிறதா என்று வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை. கிளம்பும்போதுதான் ஒரு விஷயம் சொன்னார். "வெந்நீர் ஊத்திக்கிட்டே இருக்காண்ணா. ஒரு நாளைக்கு ஆறேழு தடவை குளிக்கிறான். அப்பதான் வயிறு அடங்குதுன்றான்."

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. மெதுவாகக் கேட்டேன். ஆமாம், நாலைந்து வருஷமாகக் கஞ்சா. "அது செடிதானேண்ணா, மூலிகைதானே, சாராயம் மாதிரி குடலை அரிக்காதுன்னு சொல்றான்" என்றார் அந்த அம்மா. வாந்திக்கும் கஞ்சாவுக்கும் முடிச்சுப் போட அவருக்கு எந்தக் காரணமும் இல்லை. வாந்தியும் வெந்நீரும் எப்படிச் சேர்ந்தன என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன்னால் மூளைக்குள் கொஞ்சம் போய் வர வேண்டும்.

ஒரே பெயரில் நாலு சாமான்

கஞ்சா என்று ஊரில் பேசும்போது யார் எதைச் சொல்கிறார்கள் என்றே தெரிவதில்லை. செடியின் பூந்தலையைக் காயவைத்துப் பொட்டலம் போடுவது ஒன்று. "ஹைட்ரோபோனிக்", "ஓ.ஜி." என்று செய்திகளில் அடிபடும் விலை உயர்ந்த சரக்கு இன்னொன்று. இதைப் பலர் செயற்கைக் கஞ்சா என்று நினைக்கிறார்கள். அது தவறு. மண்ணுக்குப் பதிலாகச் சத்துக் கலந்த தண்ணீரில், விளக்கு வெளிச்சத்தில் வளர்த்த செடிதான் அது. வீரியம் கூடுதலாக இருக்கலாம், ஆனால் பொருள் அதே பொருள்.

மூன்றாவதுதான் உண்மையான செயற்கைக் கன்னாபினாய்டு. செடியே இல்லாமல் ஆய்வுக்கூடத்தில் செய்த ரசாயனம் அது. ஏதோ ஒரு காய்ந்த இலையின் மேல் தெளித்தோ, வேப் கருவியில் ஊற்றும் திரவத்தில் கலந்தோ விற்கிறார்கள். நாலாவதாக, மெத்தாம்பெட்டமின் போன்றவற்றையும் சேர்த்து எல்லாவற்றுக்கும் "செயற்கைப் போதை" என்று ஒரே முத்திரை குத்துகிறோம். மெத்தாம்பெட்டமினுக்கும் கஞ்சாவுக்கும் எந்த உறவும் இல்லை. அது வேலை செய்கிற இடமே வேறு, அதனால் இந்தக் கட்டுரையில் அதை விட்டுவிடுகிறேன்.

கன்னாபினாய்டு என்ற சொல்லுக்கு ஒரே ஒரு முறை விளக்கம் சொல்லிவிடுகிறேன். நம் உடம்பில் குறிப்பிட்ட ஒரு வகைப் பிடிமானத்தில் போய் உட்கார்ந்து வேலை செய்யும் ரசாயனங்களின் குடும்பப் பெயர் அது. செடியிலிருந்து வருபவை, ஆய்வுக்கூடத்திலிருந்து வருபவை, நம் உடம்பே செய்துகொள்பவை என்று அந்தக் குடும்பத்தில் மூன்று கிளை. மூன்றாவது கிளை ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. கதை அங்கேதான் தொடங்குகிறது.

ஆனந்தம் என்று பெயர் வைத்த ரசாயனம்

கஞ்சாவில் போதை தருவது எது என்று 1964இல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் யெஹியேல் காவோனியும் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். அதன் பெயர் டி.எச்.சி. சரி, பொருள் கிடைத்துவிட்டது. மூளையில் அது எங்கே போய் உட்காருகிறது? அதற்குப் பதில் கிடைக்க இருபத்து நாலு வருஷம் ஆனது. 1988இல் அமெரிக்காவில் ஆலின் ஹவ்லெட்டும் வில்லியம் டெவேனும் அந்த இடத்தைக் கண்டுபிடித்தார்கள். செல்லின் மேல் உட்கார்ந்து, குறிப்பிட்ட ஒரு ரசாயனம் வந்தால் மட்டும் அதை அடையாளம் கண்டு உள்ளே சேதி சொல்லும் புரதத்துக்கு ஏற்பி என்று பெயர். கஞ்சா உட்காரும் அந்த ஏற்பிக்கு சி.பி.1 என்று பெயர் வைத்தார்கள்.

அப்போது ஒரு நியாயமான கேள்வி எழுந்தது. எங்கோ மலையில் முளைக்கும் செடிக்காக மனித மூளை ஏன் இத்தனை ஏற்பிகளைச் செய்து வைத்திருக்க வேண்டும்? உடம்பு தானே சுரக்கும் ஏதோ ஒன்று இருந்தாக வேண்டும். 1992இல் அது கிடைத்தது. கண்டுபிடித்தவர்கள் 'ஆனந்தம்' என்ற நம் சொல்லையே எடுத்து அதற்கு ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள். மூன்று வருஷம் கழித்து 2-ஏ.ஜி. என்ற இன்னொன்றும் கிடைத்தது. இந்த இரண்டும் நம் எல்லோருக்குள்ளும், கஞ்சாவைக் கண்ணால் பார்க்காதவருக்குள்ளும், இந்த நிமிஷம் வேலை செய்துகொண்டிருக்கின்றன.

பந்தி

என்ன வேலை? கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சாம்பார் வாளியோடு ஒருவர் வந்து ஊற்றுகிறார். தேவையான அளவு விழுந்ததும் இலைக்குக் குறுக்கே கையை நீட்டி "போதும் போதும்" என்கிறீர்கள். அவர் நிறுத்துகிறார். நீங்கள் கையை எடுத்துவிடுகிறீர்கள். அடுத்து ரசம் வரும்போது இலை திறந்திருக்கிறது.

மூளையில் ஒரு நரம்புச் செல் அடுத்த செல்லோடு பேசுவதும் இப்படி ஊற்றித்தான். நடுவில் ஒரு நுண்ணிய இடைவெளி, அதில் சேதி ரசாயனத்தை ஒரு செல் ஊற்ற, எதிரே இருப்பது வாங்கிக்கொள்கிறது. வாங்குகிற செல்லுக்கு அளவுக்கு மேல் வந்தால் அது உடனே தன் சுவரில் இருக்கும் கொழுப்பிலிருந்து ஆனந்தமைடையோ 2-ஏ.ஜி.யையோ செய்து எதிர்த்திசையில் அனுப்புகிறது. அது ஊற்றுகிற செல்லின் சி.பி.1 ஏற்பியில் போய் உட்கார, ஊற்றுவது குறைகிறது. வேலை முடிந்ததும் நொதிகள் அதைச் சிதைத்துவிடுகின்றன. கை நீண்டது, சாம்பார் நின்றது, கை திரும்பியது. எந்த இலைக்குத் தேவையோ அந்த இலையில் மட்டும், தேவைப்பட்ட அந்தச் சில நொடிகளுக்கு மட்டும்.

இந்த அழகை நினைத்து நான் வியக்காத நாளில்லை. பசி, வலி, பயம், நினைவு எல்லாவற்றிலும் இந்தக் கை நீண்டு மடங்கிக்கொண்டே இருக்கிறது.

இங்கே கொஞ்சம் நின்று மூச்சு வாங்கிக்கொள்வோம். ஊற்றும் செல் ஒன்று, வாங்கும் செல் ஒன்று. வாங்குகிற செல் 'போதும்' என்று திருப்பி அனுப்பும் சேதிதான் உடம்பின் சொந்தக் கன்னாபினாய்டு. அந்தச் சேதியைப் படிப்பது ஊற்றும் செல்லின் சி.பி.1 ஏற்பி.

மூன்றாவது ஆள் உள்ளே வந்தால்

டி.எச்.சி. பந்திக்குள் அழைக்காமல் நுழைந்த மூன்றாவது ஆள். உருவம் ஆனந்தமைடு போலவே இல்லாவிட்டாலும் அதே ஏற்பியில் கச்சிதமாக உட்காருகிறது. யாருடைய இலையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதில்லை. வரிசையாக எல்லா இலைக்கும் குறுக்கே கையை நீட்டுகிறது. சீக்கிரம் எடுப்பதும் இல்லை, மணிக்கணக்கில் நீட்டிக்கொண்டே நிற்கிறது. போதை என்பது இதுதான்.

எந்த ஊர்ப் பந்தியில் கை நீட்டுகிறதோ அந்த ஊர் வேலை தடுமாறும். புது நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸில் சி.பி.1 நிறைய. அதனால்தான் பேச ஆரம்பித்த வாக்கியம் பாதியில் மறந்துபோகிறது. உடம்பின் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் சிறுமூளையிலும் நிறைய. வண்டி ஓட்டும்போது பிரேக் பிடிக்க வேண்டிய நொடி தவறுவது அதனால்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராத்திரி பைக் ஓட்டுகிறவனுக்கு அந்த ஒரு நொடி போதாதா? பசியைத் தூண்டும் இடத்தில் வேலை செய்வதால், சாப்பிட்டு முடித்தவனுக்கும் பரோட்டா கேட்கும். காலத்தை அளக்கும் உணர்வும் நீண்டுவிடும், ஐந்து நிமிஷம் அரை மணி நேரமாகத் தெரியும்.

ஒருவன் சிரிக்கிறான், பக்கத்தில் உட்கார்ந்து அதே சுருட்டை இழுத்தவன் "யாரோ என்னைப் பார்க்கிறாங்க" என்று நடுங்குகிறான். இது ஏன் என்று கேட்பார்கள். பந்தியில் ஊற்றுகிறவர்கள் மட்டுமல்ல, "மெதுவாப் போங்க" என்று அடக்குகிறவர்களும் இருக்கிறார்கள். மூளையில் தூண்டும் செல்லும் உண்டு, அடக்கும் செல்லும் உண்டு. இரண்டின் மேலும் சி.பி.1 இருக்கிறது. தூண்டுகிறவரை நிறுத்தினால் அமைதி. அடக்குகிறவரையே நிறுத்திவிட்டால் கலவரம். எவ்வளவு உள்ளே போனது, யாருடைய மூளை, என்ன மனநிலை என்பதைப் பொறுத்துத் தராசு இப்படியும் சாயும், அப்படியும் சாயும்.

இதற்கு நடுவே டி.எச்.சி.க்கு ஒரு குணம் உண்டு. அது ஏற்பியை முழுசாக இயக்காது. நீட்டிய கையின் விரலிடுக்கில் கொஞ்சம் சாம்பார் விழுந்துகொண்டே இருப்பது போல. ஏற்பிகள் அத்தனையிலும் டி.எச்.சி. உட்கார்ந்தாலும் விளைவு ஓர் எல்லைக்கு மேல் போகாது. இப்படிப்பட்டதைப் பகுதித் தூண்டி என்பார்கள். இன்னொன்று, மூச்சை இயக்கும் மூளைத்தண்டுப் பகுதியில் சி.பி.1 குறைவு. ஹெராயின் போன்ற அபின் வகைகள் அளவு மீறினால் மூச்சை நிறுத்துவது போல் கஞ்சா நிறுத்தாததற்குக் காரணம் அதுதான். "கஞ்சாவில் யாரும் சாகமாட்டான்" என்று பையன்கள் சொல்வதற்கு வேர் இங்கே இருக்கிறது. அந்த வாக்கியத்தைச் செயற்கைச் சரக்குக்கும் நீட்டும்போதுதான் உயிர் போகிறது.

இலையையே மூடுகிற தட்டு

அமெரிக்காவில் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹஃப்மன் என்ற வேதியியல் பேராசிரியர் இருந்தார். சி.பி.1 எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்வதற்காக அவரும் மாணவர்களும் நூற்றுக்கணக்கான ரசாயனங்களைச் செய்தார்கள். ஒவ்வொன்றுக்கும் அவருடைய பெயரின் முதலெழுத்துகளும் ஓர் எண்ணும். அதில் ஒன்று ஜே.டபிள்யூ.எச்.-018. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் வெளியான அந்தச் செய்முறையை யாரோ எடுத்து விற்பனைச் சரக்காக்கினார்கள். ஐரோப்பாவில் 'ஸ்பைஸ்' என்ற பெயரில், ஊதுவத்தி மாதிரி வாசனைக்கு எரிக்கும் மூலிகை என்று விற்ற பாக்கெட்டுகளில் அது கலந்திருப்பது 2008இல் தெரியவந்தது. அமெரிக்காவில் 'கே2' என்ற பெயர். மனிதருக்குக் கொடுக்கவென்று யாரும் செய்ததல்ல அது.

இவற்றில் பெரும்பாலானவை முழுத் தூண்டிகள். அதாவது உட்கார்ந்த ஏற்பியைக் கடைசிவரை இயக்கிவிடும். விரலிடுக்கே இல்லை, இலையின் மேல் தட்டைக் கவிழ்த்து அழுத்திப் பிடித்துக்கொள்வது போல. ஏற்பியை இவை பிடிக்கும் பிடியும் இறுக்கம். 2016 ஜூலையில் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரே நாளில் 33 பேர் நின்ற இடத்தில் சிலையாகி, வெறித்த பார்வையும் முனகலுமாகக் கிடந்தார்கள். அவர்கள் புகைத்ததில் இருந்த ரசாயனம், ஆய்வகச் சோதனையில் டி.எச்.சி.யைவிட 85 மடங்கு வீரியம் காட்டியது.

மருந்துக்கடைக்காரனாக என்னைத் தூங்கவிடாதது அளவு விஷயம். என் கடையில் ஒரு ரத்தக்கொதிப்பு மாத்திரை 2.5 மில்லிகிராமிலும் இருக்கிறது, 5 மில்லிகிராமிலும் இருக்கிறது. அட்டையின் நிறம் கிட்டத்தட்ட ஒன்றுதான். சீட்டைப் பார்த்து, அட்டையைப் பார்த்து, திரும்பச் சீட்டைப் பார்த்துத்தான் கொடுப்போம். அந்தப் பக்கம் என்ன நடக்கிறது? பொடியை அசிட்டோனில் கரைத்து, மலிவான காய்ந்த இலையின் மேல் தெளித்து, கையாலோ மண்வெட்டியாலோ புரட்டிக் காயவைக்கிறார்கள். அவசரத்தில் கிண்டிய உப்புமாவில் ஒரு வாய் சப்பென்று இருக்கும், அடுத்த வாய் உப்புக் கரிக்குமே, அதேதான். ஒரே பாக்கெட்டில் ஒருவன் இழுத்ததில் ஒன்றுமில்லை, அடுத்தவன் இழுத்ததில் வலிப்பு. போன வாரம் வாங்கிய அதே பாக்கெட்டில் இந்த வாரம் ரசாயனமே வேறாக இருக்கலாம். ஒன்றைச் சட்டம் தடை செய்தால் ஓர் அணுவை இங்கே மாற்றி அங்கே வைத்து அடுத்ததை இறக்கிவிடுகிறார்கள்.

கலப்படமும் உண்டு. 2018இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் இப்படிப்பட்ட சரக்கைப் புகைத்த 150க்கும் மேற்பட்டோருக்கு மூக்கிலும் ஈறிலும் சிறுநீரிலும் ரத்தம் கசிந்தது. சிலர் இறந்தார்கள். எலி மருந்தில் போடும் புரோடிஃபாகூம் என்ற பொருள் அதில் இருந்தது. ரத்தத்தை உறையவிடாத அந்த விஷம் உடம்பில் மாதக்கணக்கில் தங்கும். பிழைத்தவர்கள் அத்தனை காலமும் வைட்டமின் கே மாத்திரை விழுங்க வேண்டியிருந்தது.

ஒன்றைச் சொல்லாவிட்டால் நியாயமாகாது. 'செயற்கை' என்பதே விஷம் என்று பொருளல்ல. ஆய்வுக்கூடத்தில் செய்த டி.எச்.சி.யே டிரோனபினால் என்ற பெயரில், புற்றுநோய் மருந்தால் வரும் வாந்திக்காக 1985இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மில்லிகிராம் கணக்கில், மருத்துவர் சீட்டில். அதேபோல 'இயற்கை' என்பதும் சாதுவென்று பொருளல்ல. அமெரிக்காவில் பறிமுதலான கஞ்சாவில் 1995 வாக்கில் சுமார் 4 சதவீதமாக இருந்த டி.எச்.சி., 2014இல் சுமார் 12 சதவீதம். தாத்தா காலத்துச் சிலும்பியும் இன்றைய பொட்டலமும் ஒன்றல்ல.

சுருக்கமாகச் சொன்னால், இரண்டுமே ஒரே ஏற்பியில்தான் உட்காருகின்றன. செடியின் டி.எச்.சி. அதைப் பாதி இயக்குகிறது. செயற்கைச் சரக்கு முழுசாக இயக்குகிறது, எவ்வளவு உள்ளே போகிறதென்று விற்பவனுக்கும் தெரியாது, இழுப்பவனுக்கும் தெரியாது.

உடம்பு

புகைத்தால் சில நிமிடங்களில் மூளைக்குப் போகும். இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 20 முதல் 50 வரை கூடலாம். கண் சிவக்கும், வாய் உலரும். பாங்கு, கஞ்சா கலந்த லட்டு என்று சாப்பிட்டால் கதை வேறு. அரை மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் வரை ஒன்றுமே தெரியாது. "ஏறவே இல்லையே" என்று இன்னொன்றைத் தின்பார்கள். அதற்குள் கல்லீரல் டி.எச்.சி.யை இன்னும் சுலபமாக மூளைக்குள் நுழையும் வேறொரு பொருளாக மாற்றிவிட்டிருக்கும். அப்புறம் இரண்டும் சேர்ந்து ஏறும்.

டி.எச்.சி. கொழுப்பில் கரைவது. போதை தெளிந்த பிறகும் உடம்புக் கொழுப்பில் தங்கி மெல்ல மெல்லக் கசியும். தினமும் புகைத்தவருக்குச் சிறுநீர்ச் சோதனையில் வாரக்கணக்கில் தெரிவது அதனால்தான். ஆனால் அந்தச் சாதாரணச் சோதனை தேடுவது டி.எச்.சி.யின் தடயத்தை மட்டும். செயற்கைச் சரக்கு அதில் சிக்காது. "டெஸ்ட்ல ஒண்ணும் இல்லைன்னு வந்துச்சே" என்று நிம்மதியாகிவிடும் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

செயற்கையில் உடம்பு படும் பாடு தனி. கடுமையான வெறி, மாயக் காட்சிகள், வலிப்பு, நெஞ்சுவலி, திடீரென்று சிறுநீரகம் செயலிழப்பது என்று எல்லாமே பதிவாகியிருக்கின்றன. மாரடைப்பு வந்த பதின்ம வயதுப் பிள்ளைகளும் உண்டு.

இனி அந்த வெந்நீர். வருஷக்கணக்காகக் கஞ்சா பிடிப்பவர்களில் சிலருக்கு அடக்கவே முடியாத வாந்தி, வயிற்றுவலி வரும். வழக்கமான வாந்தி மாத்திரைக்கு லேசில் கேட்காது. கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் நின்றால் மட்டும் அடங்கும். 2004இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் இதை முதலில் விவரித்து எழுதினார்கள். வாந்தியை அடக்கப் பயன்படும் அதே பொருள் கடைசியில் வாந்தியைக் கொண்டுவருகிறது. கஞ்சாவை விட்டால் நிற்கும், திரும்பத் தொட்டால் திரும்ப வரும். பலர் இது தெரியாமல் ஸ்கேன், எண்டோஸ்கோப்பி என்று அலைந்து காசைக் கரைக்கிறார்கள். அந்த அம்மாவிடம் நான் மாத்திரை கொடுக்கவில்லை. உடம்பில் தண்ணீர் வற்றினால் சிறுநீரகம் கெடும், இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், வெந்நீர் விஷயத்தையும் கஞ்சாவையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

பழக்கமும் வயதும்

மூன்றாவது ஆள் தினமும் கை நீட்டிக்கொண்டே இருந்தால் ஊற்றுகிறவர் அந்தக் கையை மதிப்பதை நிறுத்திவிடுவார். மூளையிலும் அதுதான் நடக்கிறது. சி.பி.1 ஏற்பிகள் குறைகின்றன, உணர்ச்சி மங்குகிறது. பழைய போதைக்கு இரண்டு மடங்கு வேண்டும். நிறுத்தினால் உடம்பின் சொந்தக் 'போதும்' சேதிக்கும் மதிப்பில்லாமல் சில வாரம் தூக்கமின்மை, எரிச்சல், பசியின்மை. கஞ்சாவை விட்டு நாலு வாரத்தில் ஏற்பிகள் பெருமளவு திரும்புவதை மூளைப் படங்கள் காட்டியிருக்கின்றன. அந்த நாலு வாரம் உடனிருப்பதுதான் வீட்டாரின் வேலை.

பயன்படுத்துகிறவர்களில் பத்தில் ஒருவர் அடிமையாகிறார், பதின்ம வயதில் தொடங்கினால் ஆறில் ஒருவர் என்பது பல காலமாக மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. மூளையின் முன்பகுதி முழுசாக முதிர இருபத்தைந்து வயதாகிறது. எந்த இணைப்பை வைத்துக்கொள்வது, எதை வெட்டுவது என்று பள்ளி, கல்லூரி வயதில் முடிவு செய்வதில் இதே 'போதும்' சேதிக்கும் பங்கு உண்டு. அந்த வயதில், அதுவும் வீரியமான சரக்கைத் தினமும் பிடிப்பவருக்கு மனச்சிதைவு வரும் அபாயம் கூடுகிறது. குடும்பத்தில் யாருக்காவது அந்த நோய் இருந்தால் இன்னும் அதிகம்.

சி.பி.டி. எண்ணெய் பற்றியும் கேட்கிறார்கள். அதுவும் கஞ்சாச் செடியில் இருப்பதுதான். ஆனால் சி.பி.1ஐ இயக்குவதில்லை, போதை தராது. சுத்திகரித்த சி.பி.டி. குழந்தைகளுக்கு வரும் இரண்டு வகைக் கடுமையான வலிப்புக்கு மருந்தாக 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதைக் காட்டிப் பொட்டலத்துக்கு நியாயம் சொல்ல முடியாது.

ஒருவர் விழுந்து கிடந்தால்

மோர் கொடுக்காதீர்கள், எலுமிச்சைச் சாறு பிழியாதீர்கள். அரை மயக்கத்தில் இருப்பவர் வாயில் ஊற்றுவது நுரையீரலுக்குள் போகும். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வலிப்பு வந்தால் கையில் இரும்பைத் திணிக்காமல், தலை இடிபடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 108க்கு அழையுங்கள். செயற்கைச் சரக்குக்கு மாற்று மருந்து என்று ஒன்று இல்லை. வலிப்பை அடக்கி, குளுக்கோஸ் ஏற்றி, இதயத்தைக் கவனித்துக்கொண்டு அது உடம்பைவிட்டுப் போகும்வரை காப்பாற்றுவதுதான் சிகிச்சை. அதனால் நேரம் முக்கியம். போலீசுக்குப் பயந்து கூட்டாளிகள் விட்டுவிட்டு ஓடுவதில்தான் பல உயிர் போகிறது.

பழக்கத்தை விட வேண்டும் என்று நினைக்கிறவருக்கு 14446 என்ற தேசிய இலவச எண் இருக்கிறது. ஜிப்மரிலும் அரசு மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. மயங்கிய ஆளோடு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பக்கத்தில் கிடக்கும் பாக்கெட், மிச்சத் துண்டு, வேப் கருவி எது கிடைத்தாலும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி "என்ன எடுத்தான்?" என்பதுதான்.